வெந்நீர்ல போடாத

அந்தத் தாள அதுக்குள்ள மடிக்காதம்மா. அவங்க இன்னும் முன் வரிசையிலதான் வாங்கிட்டிருக்காங்க, நம்ம கிட்ட வர நேரமிருக்கு. எட்டிப் பாத்தது தப்புதான், ஒத்துக்கறேன். பக்கத்து சீட்டு, நீயும் எழுத்தக் கொட்ட கொட்டையா எழுதுற, கண்ணு போயிடுச்சு. பிடிக்காத காட்சி எதுன்னு கேட்ட எடத்துல, அந்த லாண்டரி காட்சின்னு எழுதிட்டியே. அத மட்டும் அழிச்சிடேன். இந்தா, என் பென்சில் பின்னாடி ரப்பர் இருக்கு.

படம் நீளம்தான், யாரு இல்லன்னா? இன்னும் வெளிய வராத படத்த ஓசில காட்டி, எது பிடிச்சுது எது பிடிக்கலன்னு நம்மளக் கேக்குறாங்கன்னா, அவங்களுக்கே சந்தேகம் வந்துருச்சுன்னுதான அர்த்தம். வெட்ட வேற எடமா இல்ல? மொத பாகத்துல நம்ம ஹீரோ சாம்பல் கழுகுக்கு உயரம்னாலே பயம், ஞாபகம் இருக்கா? பாலத்து மேல நின்னு காலு வெடவெடன்னு நடுங்கும். அதனாலதான அவன் பறந்தப்ப நமக்குப் புல்லரிச்சுது? இதுல அஞ்சாவது நிமிஷமே காக்கா மாதிரி பறக்குறான். வில்லன் என்னடான்னா, கொல்ல வந்தவன் கொல்லாம பிரசங்கம் பண்றான். கடைசில ஊரே இடிஞ்சு விழுது, தப்பிச்சு ஓட ஒரு மனுசனக் காணோம். துறைமுகத்துல கிரேன் மேல நடக்குற சண்ட மட்டும் பிரமாதம். நானும்தான் கை தட்டுனேன். அதெல்லாம் எழுது, தாராளமா எழுது.

ஆனா லாண்டரி? அடிபட்டு, ரத்தம் ஊறிப்போன டிரஸ்ஸத் தூக்கிட்டு, இடுப்புல ஒரு துண்டோட அந்தத் துணி தொவைக்கிற மெஷின் முன்னாடி திருதிருன்னு முழிக்கிறான் ஹீரோ. போர்வை மடிச்சிட்டிருக்க பொம்பள, சாதாரணமா சொல்றா, வெந்நீர்ல போடாத ராசா, கறை போகாது, பச்சத் தண்ணில போடுன்னு. அவன் யாருன்னே அவளுக்குத் தெரியல. சொல்லிட்டு ஒரு சிரிப்பு. இவ்ளோ நீளப் படத்துல அவன் மனுசனா நிக்கிற எடம் அது ஒண்ணுதாம்மா.

தலையும் இல்ல வாலும் இல்லயா? அவங்கதான வெட்டிட்டாங்க! போன வாரம் பசடேனா ஊர்ல போட்டுக் காட்டுனப்ப மூணு நிமிஷம் இருந்துச்சு. அவ கூடையோட உள்ள வருவா, சோப்புத்தூள் குடுப்பா. இன்னிக்கு அந்த ஒரு பேச்சுதான் மிச்சம். அங்கயும் உன்ன மாதிரியே எழுதிக் குடுத்துட்டாங்க போல.

ஆமா, ரெண்டாவது தடவதான். ஒரு தடவ பாத்தவங்கள விடமாட்டாங்கன்னு தெரியும். மீசைய எடுத்துட்டு என் மச்சினன் பேர்ல வந்திருக்கேன். வாசல்ல கேட்டாங்கல்ல, உங்க வீட்டுல யாராச்சும் சினிமால வேல பாக்குறாங்களான்னு? இல்லன்னு டிக் அடிச்சேன். பொய்யில்லம்மா. இப்ப யாரும் இல்ல.

உன் ஒரு தாளால என்ன ஆகப்போகுதா? தெரியலயே. இந்தப் பக்கம் இருந்தவர்கிட்டயும் கேட்டுப் பாத்தேன், மனுசன் எந்திரிச்சே போயிட்டாரு. நீ பிடிச்ச காட்சின்னு எழுத வேணாம்மா. பிடிக்காததுல இருந்து எடுத்துட்டா போதும். உன் கையால முடியலன்னா குடு, நான் அழிக்கிறேன். இந்தா, வந்துட்டாங்க, ரெண்டு வரிசதான். கெஞ்சிக் கேக்குறேன்மா.

அந்தப் போர்வை மடிக்கிறவ யாரா? என் வீட்டுக்காரிம்மா அவ. அமீலியா. பத்தொம்பது வருஷம் கூட்டத்துல ஒருத்தியா நிக்கிற வேலைக்குப் போனா. அவளப் பேச விட்டது இந்தப் படத்துலதான். ஷூட்டிங் முடிஞ்சு ஏழாவது வாரம் போய்ச் சேந்துட்டா.

வீட்டுல அவ போட்டோ இல்லாம என்ன, பெட்டி நெறைய இருக்கு. ஆனா முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி அவளுக்கு. சிரிக்கிறப்ப யாராச்சும் கேமராவத் தூக்குனா போதும், டக்குனு கையால வாய மூடிக்குவா. எங்க கல்யாண வீடியோலகூட அப்படித்தான்.

இதுல மூடல. ரெண்டு கையிலயும் போர்வை இருந்துச்சுல்ல.