எட்டாம் நம்பர் சட்டை

பின்னாடி வேணாம் பெரியம்மா, கூடைய மடியிலயே வச்சுக்குங்க. பின்னாடி போட்டா டிரைவர் அதுமேல வெங்காய மூட்டையத் தூக்கிப் போடுவான், உங்க கூஸ்கூஸ் களி ஆயிரும். என்னோடதும் மடியிலதான் இருக்கு பாருங்க.

எப்படித் தெரிஞ்சுதா? கூடையப் பாத்தாலே தெரியாதா? கல்யாணத்துக்குப் போறவங்க கோழிய எலும்பெடுத்தா கொண்டு போவாங்க? இந்த வேன்ல இருக்கிற அத்தனை பேருக்கும் நாம எங்க போறோம்னு தெரியும். அதான் முன்சீட்டு ஆளு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். திரும்பட்டும் போங்க.

மகனா? மஹ்தியா ஜெயிலுக்கு இப்பதான் மாத்தினாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்களே. நீங்க கைருவான் ஜெயில்லயே கூடையோட போய் நின்னிருப்பீங்க, ஜன்னல்ல இருக்கறவன் டிரான்ஸ்பர்னு ஒரு வார்த்தைய வீசிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டிருப்பான். ம். அப்படித்தான்.

அழாதீங்க. அழுதா வரிசையில இடம் போயிரும், வேற ஒண்ணும் நடக்காது. கூடையத் தொறங்க, பாக்கலாம்.

ஐயோ, மக்ரூத்தா? யாரு வைக்கச் சொன்னா? உள்ள பேரீச்சம்பழம் அடைச்சிருக்குல்ல, அடைச்ச பண்டம் எதையும் வார்டன் உள்ள விடமாட்டான். மாத்திரை ஒளிச்சு வச்சிருக்கீங்கம்பான். ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்சீங்களா? செஞ்சிருப்பீங்க. அவனுக்கு அதெல்லாம் தெரியாது. ஒவ்வொண்ணா ஒடச்சு வைக்கணும். மனசு வரலைன்னா இங்க கொடுங்க, நான் ஒடைக்கிறேன். அவன் கத்தியால குத்துறதுக்கு நம்ம கையால ஒடைக்கிறது மேல். ஆரஞ்சு உரிச்சிட்டீங்க, அது சரி. மொளகாய்க்குள்ள எதுவும் அடைக்கலையே? நல்ல வேளை.

எனக்கா? அண்ணன். வஜ்தி. கஞ்சா பீடி. ஒரே ஒரு பீடி பெரியம்மா, அதுவும் நாலு பேரு சேந்து. ஜட்ஜு ஒரு வருஷம் போட்டான். என்னத்தக் கொண்டாடிப் புடிச்சாங்கன்னு கேளுங்க, அதுவும் ஒரு டிரான்ஸ்பர்தான். எங்க ஊரு ஃபுட்பால் டீம்ல ஆடிக்கிட்டிருந்தான், தலைநகர்ல ஒரு டீம் அவனைக் கேட்டுது. திங்கக்கிழமை போய்க் கையெழுத்துப் போடணும். சனிக்கிழமை போலீஸ் வந்துட்டான். திங்கக்கிழமை டிரான்ஸ்பர் ஆனான், ஆமா, ஸ்டேஷன்லேருந்து ஜெயிலுக்கு.

இந்தச் சட்டையா? அவனோடதுதான். பையன் சட்டைய மாட்டிக்கிட்டுத் திரியிறாளேன்னு அப்போலேருந்து பாத்துக்கிட்டிருக்கீங்க, நானும் பாத்தேன். முதுகுல எட்டு இருக்கும், பாதி உரிஞ்சுபோச்சு. சூடு வச்சு ஒட்டுற நம்பர். கடைக்காரன் அதையும் டிரான்ஸ்பர்னுதான் சொல்வான். நல்ல சூடு குடுத்து ஒட்டினா சட்டை கிழிஞ்சாலும் நம்பர் போகாதுன்னு சத்தியம் பண்ணான். ரெண்டாவது தடவை தொவச்சதுமே பாதி போச்சு.

படிப்பா? விட்டுட்டேன். அதுக்கும் காரணம் இருக்கு. பௌதீக வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு, சும்மா சொல்லக்கூடாது, புரியற மாதிரி நடத்துவாரு. சூடு எப்பவும் சூடான பக்கத்துலேருந்து ஆறின பக்கத்துக்குத்தான் போகும், ரெண்டும் ஒண்ணாகுற வரைக்கும் போயிக்கிட்டே இருக்கும்னு நடத்தினாரு. மறுநாள் அவரு இல்ல. அவங்க ஊர்ப்பக்கமே டிரான்ஸ்பர் கிடைச்சிருச்சு. அவருக்குச் சந்தோஷம். எங்களுக்கு அந்த வருஷம் முழுக்க யாரும் வரல. வெறும் பெஞ்சுல உக்காந்து என்ன பண்றது? எந்திரிச்சு வந்துட்டேன்.

கடலுக்கு அந்தப் பக்கம், நேப்பிள்ஸ்ல ஒரு மாமா இருக்காரு. அவருக்கு அந்த வார்த்தைன்னா உசுரு. இந்த வெள்ளிக்கிழமை காசு டிரான்ஸ்பர் பண்றேன், அடுத்த வெள்ளிக்கிழமை டிரான்ஸ்பர் பண்றேன். எங்கம்மா தபால் ஆபீஸ் வாசல்ல நின்னு நின்னு இடுப்பெலும்பே தேஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அம்மாவால தூரம் எங்கயும் போக முடியாது. வேன் ஏறவே முடியாது.

அதான் நான் வர்றேன், ஒவ்வொரு வாரமும். எங்கம்மா உசிரே இந்தக் கூடையிலதான் இருக்கு பெரியம்மா. செவ்வாய்க்கிழமையே மாவு பெசைய ஆரம்பிச்சிரும். சோத்தக்கூட விடுங்க. வெளிய வர்ற அழுக்குத்துணி இருக்கில்ல, அதுதான் அதுக்கு எல்லாம். நான் வாசப்படி ஏறினதும் பைய வாங்கிக்கும், சட்டைய எடுத்து மூக்குல வச்சுக்கும். அக்குள், காலரு, எல்லாம். அப்புறம்தான் எனக்குத் தண்ணியே குடுக்கும். இளைச்சிருக்கான்னு சொல்லும். வேர்வைய வச்சே இளைச்சது தெரியுமாம்! ஒரு தடவை, மீன் நாத்தம் அடிக்குதேன்னுச்சு. கடலோர ஜெயில்மா, தினமும் மீன் போடுறானுங்கன்னேன். அதுக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வீடெல்லாம் போய்ச் சொல்லுச்சு, எம்புள்ளைக்கு அங்க மீனெல்லாம் போடுறாங்கன்னு.

இப்ப புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. கைருவானுக்கே மாத்தித் தரச்சொல்லி மனு குடுடி, வீட்டுக்கு எதுக்கத் தெருவுல அவன் இருந்தா நான் தவழ்ந்தாவது போய்ப் பாத்துருவேன்லங்குது. நேத்து அழுது தீர்த்துருச்சு. நீ கேக்கவே மாட்டேங்குற, உனக்கு அண்ணன் மேல பாசமே இல்லன்னு கையில இருந்த கரண்டிய எம்மேல விட்டெறிஞ்சுச்சு. இங்க பாருங்க, நெத்தியில.

யாருகிட்ட மனு குடுக்குறது? நீங்க சொல்லுங்க.

எடம் வந்துருச்சு. அந்த மஞ்சச் சுவரு தெரியுதா, அதுதான். பெரிய கேட்டுக்குப் போகாதீங்க, பக்கத்துல இரும்பு ஜன்னல் இருக்கும், அங்கதான் வரிசை. உங்க மகனோட முழுப்பேரு, அவங்கப்பா பேரு, ரெண்டையும் சத்தமாச் சொல்லுங்க. திட்டினாத் திட்டட்டும். அழுக்குத்துணிய அவனா குடுக்க மாட்டான், நீங்கதான் கேட்டு வாங்கணும். எறங்குங்க. மக்ரூத்த மறந்துராதீங்க.

நானா? நான் இங்க எறங்கல பெரியம்மா. துறைமுகம் வரைக்கும் போறேன்.

இல்ல, வஜ்தி உள்ள இல்ல. ரம்ஜான் முடிஞ்ச பெருநாளுக்கு மன்னிப்புக் குடுத்தாங்கல்ல, அதுல விட்டுட்டாங்க. வீட்டுக்கு வரல. ஜெயில் போனவனை இனி எந்த டீம் கேக்கும்னான். நேரா இங்க வந்து, துறைமுகத்துலேருந்து எனக்கு மட்டும் போன் பண்ணான். கடல் தாண்டிப் போற கள்ளப் போட்டு கெளம்புது, அம்மாகிட்ட சொல்லாத, அந்தப் பக்கம் எறங்கினதும் நானே சொல்றேன்னான். போட்டு கரை சேரவே இல்ல. அதுல போன யாருமே யாருக்கும் போன் பண்ணல. அம்மா மட்டும் வழக்கம்போல, அவன் இருந்த எதுக்கத் தெரு ஜெயிலுக்குக் கூடையோட கெளம்பிருச்சு. வாசல்ல மறிச்சு நின்னேன். வாயில வந்தது அதுதான், அவனை மஹ்தியாவுக்கு டிரான்ஸ்பர் பண்ணிட்டாங்கம்மா. ஏன்னு கேக்கல. அந்த வார்த்தையச் சொன்னா யாரும் ஏன்னு கேக்கறதில்ல.

சோறா? மீன்காரங்களுக்குக் குடுத்துருவேன். தூரக்கடல் போறவங்க, எதையாவது பாத்தா சொல்வாங்கன்னு. மொதல்ல பேரு கேட்டாங்க. அப்புறம் சட்டை என்ன கலருன்னு கேட்டாங்க. இப்ப எதுவும் கேக்கறதில்ல, சாப்பிட்டுட்டு டப்பாவக் கழுவித் தந்துர்றாங்க. தண்டனை மழைக்காலத்துல முடியும். அதுக்கப்புறம் அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல.

இருங்க டிரைவர்ணே, ஒரு நிமிஷம். பெரியம்மா ஏறவும் முடியாம எறங்கவும் முடியாம நிக்கிறாங்கல்ல.

என்னைப் பாத்து அழாதீங்க, நீங்க உங்க புள்ளையப் போய்ப் பாருங்க. ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இந்தாங்க, இது அவனோட இன்னொரு சட்டை. போன வாரம் பூரா நான்தான் போட்டிருந்தேன். உங்க மகன் துணி வெளிய வந்ததும் அந்தப் பைக்குள்ள இதையும் போட்டு இறுக்கிக் கட்டி வைங்க. சாயங்கால வண்டிக்கு வந்து வாங்கிக்கிறேன். ஜெயிலுக்குள்ள தரைக்கு ஊத்துற மருந்தும் பூஞ்சையும் சிகரெட்டும் கலந்து ஒரு வாடை இருக்கும், அம்மா போன வாரம் அதைக் காணோமேன்னு ரொம்ப நேரம் மோந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. வேர்வைய நானே போட்டுட்டேன். அந்த வாடை மட்டுந்தான் எங்கிட்ட இல்ல.