காட்டுப் பிளம்ஸ் வேலி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன் ஐயா, சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அக்கா வீட்டுப் பின்புறம் காட்டுப் பிளம்ஸ் மரங்களால் ஆன வேலி இருந்தது. வசந்தத்தில் அங்கே ஒரு சின்ன அந்துப்பூச்சி பறக்கும். சாம்பல் நிறம், கட்டைவிரல் நகத்தளவு. குச்சிகளில் முட்டையிட்டுவிட்டுச் சில நாட்களில் செத்துவிடும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்ற எனக்கு உலகத்தில் பிடித்தது அது ஒன்றுதான்.

அந்த முட்டைகளிலிருந்து வரும் புழுக்களைப் பார்க்க ஒரு முறை உண்டு. கிளைக்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்து, கம்பால் ஓங்கி ஒரே அடி. தயங்கித் தட்டினால் புழு உஷாராகிக் கிளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அத்தானுக்கும் கற்றுக்கொடுத்தேன், அவருக்குப் பொறுமை போதாது.

காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்தேன். இன்று காலை கம்பும் துணியுமாகப் பின்பக்கம் போனால் வேலியே இல்லை. அத்தான் எல்லாவற்றையும் வெட்டிக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? இனிமேயாவது பூச்சிய விட்டுட்டு நாலு மனுஷங்க மூஞ்சியப் பாரு," என்று சிரித்தார்.

எனக்குச் சட்டென்று கோபம் வராது. அவர் நெருப்பைக் கிளறக் குனிந்ததும் பின்மண்டையில் ஓங்கி அடித்தேன். விழுந்தவர் என் காலைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. பிடி தளர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அடித்தேன். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஈ மொய்க்கக் கூடாதே என்று துணியால் மூடினேன்.

கம்பைக் கழுவும்போது அக்கா ஓடி வந்தாள். "அவர் என்னடா பண்ணாரு? நான்தானேடா வெட்டச் சொன்னேன். நீ உருப்படணும்னுதானேடா சொன்னேன்," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிதரை அநியாயமாகக் கொன்றுவிட்டேனே என்று அவளிடமே சொன்னேன்.

நீங்கள் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்துவிட்டீர்கள். அக்காவை உள்ளறையில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டிருக்கிறேன். கழுத்தை நெரித்தபோதுகூட அவளை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, கூடப்பிறந்தவள் அல்லவா.