கடைசி முறைத் தண்ணி

இல்ல சார், எந்திரிக்க மாட்டேன். நீங்க எவ்வளவு நேரம் நின்னாலும் அதே பதில்தான். வெயில்ல நிக்காதீங்க, இந்தச் செவுத்து ஓரமா நெழலு இருக்கு, உக்காருங்க. கைப்பிடியா? எம் மடியிலதான் இருக்கு, முந்தானையில சுத்தி வச்சிருக்கேன். அது இல்லாம இந்த ஷட்டரு ஏறாதுன்னு உங்களுக்கும் தெரியும், அந்தா கரையில கடப்பாறையோட நிக்கிறாங்களே, அவங்களுக்கும் தெரியும். அதனாலதான் உங்களத் தூது அனுப்பியிருக்காங்க.

எம் பேரு ராமாயி. தாழைவெளிக்காரி. நீங்க எஞ்சினியரா வந்து கொஞ்ச நாளுதான் ஆவுதுன்னாங்க, அதனால சொல்றேன். பேராவூரணிக்கு அந்தாண்ட வாய்க்கால் போய் முடியுதுல்ல, அந்த முடியிற எடம்தான் எங்க ஊரு. அதுக்கப்பறம் சவுக்கந்தோப்பு, கடலு, அவ்வளவுதான். கல்லணையில தண்ணி விட்டா கடைசியா நனையறது நாங்க, நிறுத்துனா மொதல்ல காயறதும் நாங்கதான். இந்த ஷட்டரு மூடியிருந்தா தண்ணி நேரா எங்களுக்கு வரும். தூக்குனா அவ்வளவும் நெடுங்கரை வாய்க்காலுக்குத் திரும்பிடும். அங்க நிக்கிறவங்க பூரா நெடுங்கரைக்காரங்கதான்.

நாளைக்குப் பொழுது விடியிற வரைக்கும் எங்க முறை சார். உங்க ஆபீசுல ரெண்டு ஊரையும் கூப்புட்டு வச்சுப் பேசி முடிச்சது. நீங்களே வந்து தூக்கச் சொன்னா எப்புடி?

ரெண்டு மணி நேரம்தானேங்கறீங்க. நல்லாத்தான் இருக்கு கேக்க. காஞ்சு கெடந்த வாய்க்கால் சார் இது. இங்க ரெண்டு மணி நேரம் நிறுத்துனீங்கன்னா, மறுபடி உடுற தண்ணிய வழியில மண்ணே குடிச்சிரும். எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள எங்க முறையே முடிஞ்சிரும். அடுத்த முறை வருமா, சொல்லுங்க. வராது. மேட்டூர்ல மிச்சம் இருக்குறது குடிதண்ணிக்குத்தான்னு சொல்லிட்டாங்களே. அப்ப இதான் கடைசி. பயிரு சூல் கட்டி நிக்குது. இந்த ஒரு தடவ நனைஞ்சா நெல்லு, நனையலைன்னா வெறும் பதரு. இத விட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குத் திரும்பறது?

போன வருஷமா? அத ஏன் கேக்குறீங்க. எங்க ஊர்ல பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி செல்போன எடுத்து மேட்டூர்ல எத்தன அடின்னுதான் பாப்போம். சர்க்கரை வந்தவங்க காலையில ஊசி குத்திப் பாப்பாங்கல்ல, அந்த மாதிரி. போன வருஷம் பூரா எறங்குமுகம்தான். கடைசியில கருகுன பயிருல மாட்ட அவுத்து உட்டோம். நாங்க கூலிக்கு நாத்து நட்ட வயலுங்க சார் அதெல்லாம், இப்பத்தான் எங்க பேருக்குப் பட்டா வந்துச்சு. சொந்த வயல்ல மாடு மேயறத நின்னு பாக்குறது எப்புடி இருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல.

இந்த வருஷம் அணை தொறந்தப்ப டிவியில காட்டுனாங்க, தண்ணியில பூவ அள்ளி வீசுனத. அதப் பாத்துட்டு எங்க ஊரே புழுதியில வெதச்சிருச்சு. எங்க வீட்டுக்காரரு, இராஜாங்கம்னு பேரு, தண்ணி நம்ம கரைக்கு வந்து கண்ணால பாத்துட்டு வெதைப்போம்னு கத்துனாரு. எவன் கேட்டான்? எல்லாருக்கும் ஆச. அந்தத் தண்ணி எங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள மொளச்சதுல பாதி செத்துப்போச்சு. திரும்ப வெத வாங்கி வெதச்சோம்.

நெடுங்கரைக்காரங்களுக்கு என்ன, மேல இருக்காங்க. மொத முறையிலயே வரப்பு வழிய வழிய ரொப்புனாங்க. போதும்னு ஆனதும் ஷட்டர மூடியிருக்கணும்ல? மூடல. மிச்சத்த வடிகால்ல தள்ளி உட்டாங்க. அது எங்க ஊரு ஓரமாத்தான் கடலுக்குப் போச்சு. பள்ளத்துல ஓடுற தண்ணிய மேட்டுல நின்னு பாத்துக்கிட்டிருந்தோம். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு சார், பொய் சொல்லல. அன்னைக்கு மிச்சம் புடிச்சிருந்தா இன்னைக்கு ரெண்டு ஊருக்குமே பத்தியிருக்கும்.

சட்டை போடாம நிக்கிறாரே, அவரா? வீரமணி. போன முறைக்கு எங்க ஊரு துரைராசு காவலுக்கு வந்தான், அவன் மண்டைய ஒடச்சது அவரு ஆளுங்கதான். அதுக்கப்பறம்தான் ஊர்க்கூட்டத்துல முடிவு பண்ணோம், இனிமே ஆம்பளைங்க வந்தா கொலை விழும், பொம்பளைங்க போவோம்னு. யாரு போறதுன்னு கேட்டாங்க. நான் போறேன்னேன். எல்லாரும் எம் மூஞ்சப் பாத்தாங்க. நீ வேணாம் ராமாயி, உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்புன்னாங்க. நான் விடல. வேற ஒருத்தி இங்க உக்காந்திருந்தா இந்நேரம் தூக்கி வாய்க்கால்ல போட்டிருப்பாங்க. என்னைத் தொட அவங்களுக்குக் கை வராது. ஏன்னா கேக்குறீங்க? இருக்கட்டும் சார், அப்பறம் சொல்றேன்.

சாப்பிட்டியான்னு நீங்க ஒருத்தராச்சும் கேட்டீங்களே, நல்லாருப்பீங்க. இங்க ஒரு வழக்கம் உண்டு. கீழூரு ஆளு மதகுல காவலுக்கு உக்காந்தா, மேலூர்லேர்ந்துதான் சோறு வரணும். வீட்டுக்கு ஒரு நாளு. வெட்டிக்கிட்டாலும் சோறு வந்துரும். துரைராசுக்கு மண்டை ஒடஞ்ச அன்னைக்குக்கூட மீன்கொழம்பு வந்துச்சுன்னா பாத்துக்குங்க. ரெண்டு ஊருக்கும் பொண்ணு எடுத்து பொண்ணு குடுத்து, கொண்டான் குடுத்தான் எல்லாம் உண்டு சார், இப்பத்தான் இந்தத் தண்ணி வந்து கெடுக்குது. இன்னைக்கு இன்னும் வரல. யாரு வீட்டு முறைன்னு எனக்குத் தெரியும். வரலைன்னாலும் பரவால்ல.

அந்தா, எறங்குறாங்க. சார், எந்திரிங்க. கையக் காட்டி நிறுத்துங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. கடப்பாறைய ஓங்குனா நான் இந்த ஷட்டர் கம்பியக் கட்டிப் புடிச்சுக்குவேன், அப்பறம் நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல.

நின்னுட்டாங்களா? சரி. எனக்குப் பயம் இல்லைன்னு நெனைக்காதீங்க. கைப்பிடிய இன்னும் இறுக்கி முடிஞ்சுக்கிட்டேன், பாருங்க.

எந்த வயலு? ஷட்டர ஒட்டுன மொத வயலா? பாத்தேன். காலையிலேர்ந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இலை சுருண்டு நுனி செவந்துருச்சு. இன்னைக்குத் தண்ணி ஏறலைன்னா கதிரு வெளியிலயே வராது. எனக்குத் தெரியாதா, நானும் பயிரு வைக்கிறவதானே. அதுக்கு உட்டா அதோட நிக்காது சார். அடுத்த வயலுக்காரன் வருவான், அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு. ஒருத்தருக்குத் தூக்குனா எல்லாருக்கும் தூக்கணும். அப்பறம் எங்க ஊரு பூராவும் போயிரும்.

வரப்புல உக்காந்து அழுவுற பொண்ணா? அவ சொல்லித்தான் வந்தீங்களா? என்ன சொன்னா? கல்லு மனசுக்காரின்னு சொன்னாளா. சொல்லட்டும், சொல்ல வேண்டியவதான். அதுக்காக அவளக் கோவிச்சுக்காதீங்க. அந்த மொத வயலுதான், கல்யாணம் ஆனப்பறம் அவ மொத மொதல்ல தன் கையால வச்ச பயிரு. உங்களுக்கு மனசு கேக்கலைன்னா நான் தப்பு சொல்ல மாட்டேன். அவ அழுதா யாருக்குமே மனசு கேக்காது.

எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க தம்பி. உங்க ஜீப்புல தண்ணி பாட்டில் இருந்தா கொண்டுபோயி அவகிட்ட குடுங்க. ரொம்ப நேரம் அழுதா அவளுக்கு மூச்சு புடிச்சுக்கும், தவழ்ற வயசுலேர்ந்தே அப்புடித்தான். முதுகத் தடவி உடணும், அங்க யாருக்கும் தெரியாது. தமிழ்நிலான்னு பேரச் சொல்லிக் கூப்புடுங்க, திரும்பிப் பாப்பா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அம்மா குடுத்து உட்டதுன்னு தெரிஞ்சா இன்னைக்கு அவ குடிக்க மாட்டா.