வீட்டில் ஆள் இருக்கணும்

— அப்போ வரமாட்டீங்க. அதானே சொல்ல வர்றீங்க?

— வரமாட்டேன்னு யாரு பாப்பா சொன்னா? இப்போ வரல, புயல் போகட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்றேன்.

— புயல் போனதுக்கு அப்புறம் வந்து என்னப்பா பண்றது? சாயங்காலம் பாலத்தை மூடிடுவாங்கன்னு டிவியில கத்திக்கிட்டே இருக்கான். மூடிட்டா நீங்களே நினைச்சாலும் இந்தப் பக்கம் வர முடியாது. தெரியும்ல?

— தெரியும், தெரியும். ஒலிபெருக்கி வண்டி காலையில இருந்து நம்ம தெருவை விட்டுப் போகவே இல்ல. இரு, போனைக் கீழ வைக்கிறேன். ஸ்பீக்கர்ல போட்டாச்சு, பேசு. சமையல்கட்டு ஜன்னலுக்கு இரும்புப் பலகை மாட்டணும், போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. உப்புக்காத்து எதைத்தான் விட்டு வச்சுது.

— அந்தப் போல்ட்டைத் தூக்கிக் கடல்ல போடுங்கப்பா!

— எதுக்குப் போடணும்? கொஞ்ச நேரம் பொறுத்தா அதுவே வந்து எடுத்துக்கும்.

— ஜோக்கா இது? நான் இங்க பதறிக்கிட்டு இருக்கேன், நீங்க ஜோக் அடிக்கிறீங்க.

— சரி, அடிக்கல. நீ சாப்பிட்டியா? எங்க இருந்து பேசுற?

— கிளினிக்ல இருந்துதான். பல்லு வலின்னு வந்தவங்களை எல்லாம் உக்கார வச்சுட்டு, மாடிப்படியில நின்னு உங்ககிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கேன். போதுமா?

— போய் வேலையைப் பாரு. இந்த வீடு அசையாது பாப்பா. கூரை மொத்தத்தையும் இரும்புப் பட்டை போட்டு சுவரோட சேத்துக் கட்டியிருக்கேன். நானே ஏணி ஏறி அடிச்சது. காலமெல்லாம் அடுத்தவன் வீட்டுக் குழாயைப் பாத்தவனுக்குச் சொந்த வீட்டுக் கூரையைப் பாக்கத் தெரியாதா?

— அண்ணே! உள்ள இருக்கீங்களா? பேக்கரிக்காரி வந்திருக்கேன்!

— தொறந்துதான் இருக்கு தங்கச்சி, வா. காத்துல கதவு கையைப் பிடுங்கும், பாத்து.

— இன்னும் லுங்கியோட நிக்கிறீங்களே! தெருமுனையில கடைசி பஸ் நிக்குது. பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விடுறாங்க. ஒரு பெரியவர் பாக்கி இருக்காரு, கொஞ்சம் பொறுப்பான்னு டிரைவர் கால்ல விழாத குறையாச் சொல்லிட்டு ஓடி வந்திருக்கேன்.

— அத்தை, நீங்களாவது சொல்லுங்க. நான் போன்லதான் இருக்கேன்.

— பாப்பாவா? நல்ல நேரத்துல வந்தே. தண்ணி இப்பவே ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டு காம்பவுண்டுக்குள்ள போயிருச்சும்மா. நானும் நேத்துல இருந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், இந்த மனுஷன் காதுல ஏறினாத்தானே. பள்ளிக்கூடம் பிடிக்கலையோ என்னமோ. உன் வீட்டுக்கு வரச் சொல்லேன், ஒருவேளை அதுக்காவது கிளம்புவாரு.

— அது... முதல்ல பாலம் தாண்டட்டும் அத்தை. அப்புறம் பாத்துக்கலாம்.

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. நீ பஸ்ஸுக்குப் போ.

— போகமாட்டேன். உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். அந்தப் பாலிசியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரும்மா.

— பாலிசியா? வீட்டு இன்சூரன்ஸா?

— வேற என்ன? என் வீட்டுக்கு ஒரு கம்பெனிக்காரனும் தரமாட்டேன்னுட்டான். கடல் ரொம்பக் கிட்டயாம், கூரை ரொம்பப் பழசாம். தர்றேன்னு சொன்ன ஒருத்தனும் கேட்ட காசுக்கு நான் இன்னொரு பேக்கரி வச்சிடலாம். போடான்னு விட்டுட்டேன். இப்பப் பாரு, இன்சூரன்ஸ் இல்லாதவ கையை வீசிக்கிட்டு ஓடுறேன். இன்சூரன்ஸ் வச்சிருக்கிற மகராசன் நட்டு வச்ச மாதிரி நிக்கிறாரு!

— அப்பா, அத்தை என்ன சொல்றாங்க? பாலிசிக்கும் நீங்க கிளம்புறதுக்கும் என்ன சம்பந்தம்?

— அது என்ன பாடுபட்டு வாங்கினதுன்னு உனக்குத் தெரியாதா? உங்கம்மா போன கையோட பழைய கம்பெனிக்காரன் இனிமே கரையோர வீட்டுக்கெல்லாம் நாங்க இல்லைன்னு கையைக் கழுவிட்டான். நான் ஏறாத ஆபீஸ் இல்ல. ஒருத்தன் நேர்லயே வந்தான். வாசல்ல நின்னு கடலைப் பாத்தான், என்னைப் பாத்தான், என்னமோ நான்தான் கடலைக் கூட்டிட்டு வந்து வாசல்ல கட்டிப் போட்ட மாதிரி. இன்னொருத்தன் தெருப் பேரைக் கேட்டதுமே போனை வச்சுட்டான். கடைசியில இந்தச் சின்னக் கம்பெனி ஏஜென்ட் பொண்ணு ஒண்ணுதான் மனுஷனா மதிச்சு உக்காந்து பேசுச்சு. கூரைக்குப் பட்டை அடிங்கய்யா, ஜன்னலுக்குப் பலகை போடுங்க, கட்டுற மாதிரி விலைக்கு நான் வாங்கித் தர்றேன்னுச்சு. அதுக்குத்தானே இந்த வயசுல ஏணி ஏறினேன்.

— அதெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா. மத்த கண்டிஷனை எல்லாம் அந்தப் பொண்ணு எனக்குத்தானே போன்ல படிச்சுக் காட்டினா. அதுக்கு இப்ப என்ன?

— அதுக்கு என்னவா? வீட்ல ஆள் இருக்கணும் பாப்பா. நான் கதவைப் பூட்டிட்டு பஸ் ஏறிட்டேன்னு வை, ராத்திரி கூரை பறந்துச்சுன்னு வை. ஆளில்லாத வீட்டுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். உனக்குன்னு நான் விட்டுட்டுப் போக இந்த வீட்டை விட்டா வேற என்ன இருக்கு? வீடு போனாப் போகட்டும். அந்தக் காசாவது உன் கைக்கு வரணும்ல?

— ஐயோ கடவுளே. யாருப்பா சொன்னா உங்களுக்கு இப்படி?

— நீதாம்மா சொன்னே.

— பாப்பாவா சொன்னா அண்ணே?

— நானா? நான் எப்போப்பா சொன்னேன்?

— மறந்துட்டியா பாப்பா? அம்மா போன புதுசுல, இங்க தனியா இருக்க முடியல, ரெண்டு வாரம் உன் வீட்ல வந்து இருந்துட்டு வரட்டுமான்னு கேட்டேன். பையைக் கூட எடுத்து வச்சுட்டேன். அன்னிக்கு நீதான், வேண்டாம்ப்பா, வீடு பூட்டிக் கெடந்தா பாலிசி செல்லாமப் போயிடும், அங்கேயே இருங்கன்னு சொன்னே. நல்லவேளை சொன்னே. இல்லைன்னா நான்பாட்டுக்குக் கிளம்பி வந்து நின்னிருப்பேன். அதுக்கப்புறம் இந்த ரெண்டு வருஷமா ஒரு ராத்திரி நான் வெளியில தங்கினது கிடையாது.

— ஆமா, கண்ணு ஆபரேஷன் பண்ண அன்னிக்குக் கூட! ஒரு ராத்திரி படுத்துட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லியும் கேக்காம, ஒத்தைக் கண்ணுல கட்டோட தனியா வந்து இறங்கினாரு. தெருவே பாத்துச்சு.

— கண்ணு ஆபரேஷனா? எப்போப்பா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?

— சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவே. எதுக்கு? நல்லாத்தான் தெரியுது இப்போ. இந்தப் போல்ட்டுதான் அசைய மாட்டேங்குது.

— அப்பா, அதைக் கீழ வைங்க. நான் சொல்றதைக் கேளுங்க. அந்த ரூலை மாத்திட்டாங்கப்பா. புயல் நேரத்துல வெளியில போனா பரவாயில்லையாம். புதுசாப் போட்டிருக்காங்க.

— எப்போ?

— இப்பதான். இந்த மாசம்.

— எனக்காகச் சும்மா சொல்றே. சின்னப் பிள்ளையிலேயே பொய் சொன்னா உனக்கு மூச்சு வாங்கும், இப்பவும் அதேதான். அன்னிக்குச் சொன்னப்ப எவ்வளவு தெளிவாச் சொன்னே? அதுதான் நிஜம். விடு பாப்பா, என்னைப் பத்தி யோசிக்காதே.

— அண்ணே, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

— நீ போம்மா. உன் புருஷன் பஸ்ல தவிச்சிக்கிட்டு இருப்பாரு.

— போகாதீங்க அத்தை! ஒரு நிமிஷம். அப்பா... அப்படி ஒரு ரூலே கிடையாது.

— என்னது?

— ஆளில்லாம இருக்கக்கூடாதுன்னு இருக்கு. ஆனா ரெண்டு மாசம். ரெண்டு மாசம் விடாம பூட்டிக் கெடந்தாத்தான் செல்லாது. ஒரு ராத்திரிக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு வாரத்துக்கும் ஒண்ணும் ஆகாது. புயலுக்குப் பயந்து போனவங்களை யாரும் ஏன்னு கூடக் கேக்கமாட்டாங்க.

— இது உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?

— இல்லப்பா.

— அந்தப் பொண்ணு அன்னிக்கே உங்கிட்ட சொல்லிடுச்சு.

— சொன்னா.

— தெரிஞ்சும் என்னை வேண்டாம்னு சொன்னே.

— வாயில வந்ததைச் சொல்லிட்டேன்ப்பா. அதுக்கு முந்தி நீங்களும் அம்மாவும் வந்தப்ப, குழாய் சொட்டுதுன்னு சமையல்கட்டு லைனையே கழட்டிப் போட்டீங்க. அவருக்கு ஆபீஸ் போற நேரம், குளிக்கத் தண்ணி இல்ல. மாசக்கணக்கா அதையே சொல்லிக் காட்டினாரு. அது மட்டும் இல்ல. நீங்க வந்தா அம்மாவைப் பத்தியே பேசுவீங்க. எனக்கும் அம்மாதானேப்பா போனாங்க? என்னால தாங்க முடியாதுன்னு பயந்துட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு நானே கூப்பிடணும்னுதான் இருந்தேன். சத்தியமா. நாள் ஓடிடுச்சு. அப்பா? நல்லாத் திட்டுங்க.

— தங்கச்சி, மெயின் சுவிட்சை அணைச்சிடு. அது இல்ல, பக்கத்துல இருக்கு பாரு.

— அணைச்சுட்டேன் அண்ணே. இந்தப் பைதானே? மாத்திரை எல்லாம் இதுல இருக்கா?

— இருக்கு. சட்டையை மாட்டிக்கிட்டு வந்துடுறேன்.

— கிளம்புறீங்களா? நிஜமாவாப்பா?

— ஆமாம்மா. காவல் வேண்டாம்னு ஆயிடுச்சு. இனிமே இங்க எனக்கு என்ன வேலை?

— நான் இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் காரை எடுக்கிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து நிக்கிறேன், நேரா நம்ம வீட்டுக்குப் போயிடலாம். எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன். கேக்குதாப்பா?

— கேக்குது. மழை கொட்டுது, நீ வண்டியை எடுக்காதே. பத்திரமா இரு.

— எடுக்கத்தான் போறேன். நான் எங்க வந்து நிக்கட்டும், அதை மட்டும் சொல்லுங்க. அப்பா?

— தங்கச்சி, அந்தப் பள்ளிக்கூடத்துல போக்கிடம் இல்லாதவங்களை எத்தனை நாளைக்குத் தங்க விடுவாங்க?