ஒரு கோளாறும் இல்லாத வண்டி

"அந்தச் சிவப்பு வண்டிய மட்டும் எடுத்துராத மாப்ள. அதுல ஒரு கோளாறும் இல்ல."

சின்னக்கானலில் இருந்து மூணாறு போகும் ஜீப்பில், எனக்கு முன்னால் இருந்த மீசைக்காரன் தன் கூட்டாளியிடம் சொன்னது. கூட்டாளி சேற்று ரேஸில் ஓட்ட முதல் ஜீப் வாங்கப் போகிறான். மீசைக்காரன் இரண்டு வருஷமாக ஓட்டுகிறான்.

"கோளாறு இல்லேன்னா ஏன் வேணாங்கற மச்சான்? எடை கம்மி, வெலையும் கம்மி."

"மொத வண்டி என்னோடது மாதிரி கனமா இருக்கணும்."

"ஒன்னோடது சேத்துல புதைஞ்சு புதைஞ்சு கடைசியாத்தான வருது?"

"அப்படித்தான் பழகணும்."

"அப்ப சிவப்ப நீயே எடு மச்சான். ஒன் வண்டிய நான் வாங்கிக்கிறேன்."



"வேணாம். நீ அதுலயும் ஜெயிச்சுத் தொலைப்ப."