ஜெயப்பிரியா எழுதாத பதில்

மகாதேவி மேடத்துக்கு,

எங்கள் மலைக்கிராமமான பேத்துப்பாறையில் மேகம் இறங்கிவிட்டால் போனில் டவர் போய்விடும். வெயில் இருக்கும்போதே இதை எழுதி அனுப்பிவிடுகிறேன். நீங்கள் என் மனைவி ஜெயப்பிரியாவுக்கு அனுப்பிய மெயிலுக்கு நான் பதில் எழுதுகிறேன். என் பெயர் சிவமுருகன். அவளுடைய மெயில் என் போனில்தான் வரும்.

இரண்டு வருஷம் கழித்தும் அவளை ஞாபகம் வைத்து, அதே வேலை மறுபடி காலியாக இருப்பதாகச் சொல்லி, அன்றைக்கு ஏன் வேண்டாம் என்றாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

நானும் கம்ப்யூட்டர் படித்தவன். கோயம்புத்தூர், பெங்களூர் என்று பதினோரு இன்டர்வியூவுக்குப் போனேன். எல்லாவற்றிலும் எழுத்துகளை வைத்துப் போடும் ஸ்ட்ரிங் கேள்வியில்தான் விழுந்தேன். ஒரு சொல்லைத் திருப்பிப் போடு, ஒரே எழுத்து இரண்டு தடவை வராத நீளமான துண்டைக் கண்டுபிடி, இந்த மாதிரி. வீட்டில் உட்கார்ந்து போட்டால் வரும். எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. பிறகு ஊருக்கே வந்து அப்பாவோடு பூண்டும் கேரட்டும் போட ஆரம்பித்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஜெயப்பிரியா பழனிக்காரி. அடிவாரத்தில் அவர்களுக்கு மாலைக்கடை. பி.சி.ஏ. முடித்தவள். கல்யாணமாகி மூன்றாம் மாதம், "நானும் வேலைக்குப் போட்டுப் பாக்கட்டுங்களா?" என்றாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

ஒருநாள், முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வருகிற சொல்லைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதச் சொன்னேன். அவள் விளையாட்டாக 'தேருவருதே' என்று தமிழில் அடித்தாள். கம்ப்யூட்டர் அது ஒன்றாக வரவில்லை என்றது. "இங்கிலீஷ்ல போடு, சோலி முடிஞ்சது" என்றேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் வெள்ளனே, நான் கேரட் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"நமக்கு அது அஞ்சு எழுத்துங்க. கம்ப்யூட்டருக்கு ஒம்பது. 'தே'யில 'த' தனி, கொம்பு தனின்னு எண்ணுது. திருப்பிப் போட்டா கொம்பு எடம் மாறிப் போயிருது. எழுத்தையும் கொம்பையும் பிரியாம சேத்துக் கட்டிட்டுத் திருப்புனேன். சரியா வந்துருச்சு."

பதினோரு இன்டர்வியூவில் எனக்கு அப்படி ஒன்று தோன்றியதே இல்லை. நல்லா இருக்கு என்று சொன்னேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

நீங்கள் அவளை வீடியோவில் இன்டர்வியூ செய்த அன்று நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். நீங்கள் கேட்டது, பெங்களூரில் நான் இருபது நிமிஷம் வேர்த்து உட்கார்ந்திருந்த அதே கேள்வி. அவள் வெரசா போட்டு முடித்துவிட்டாள். "நான்கூட இப்படி யோசிச்சதில்லைம்மா" என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஒன்பது நாள் கழித்து வேலைக்கடிதம் என் போனுக்கு வந்தது. அவள் கீழ்த்தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை படித்தேன். குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சேர இயலவில்லை, நன்றி என்று அவள் பெயரில் நாலு வரி எழுதி அனுப்பினேன். பிறகு இரண்டையும் அழித்தேன். அவசரப்படவில்லை. பெங்களூர் தூரம், புது ஊரில் தனியாகத் திண்டாடுவாள் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் கேட்டாள். "ஏதும் வந்துச்சாங்க?"

"வந்துச்சு. எடுக்கல."

"எதுல விட்டேனாம்?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் நான், "எழுத்தே இல்லாத வெறும் ஸ்ட்ரிங் வந்தா என்ன ஆகும்னு நீ பாக்கலையாம்" என்றேன்.

"பாத்தேனே," என்றாள். கை கால் கழுவிவிட்டு வந்து, "பாக்கலையோ?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் வேறெந்தக் கம்பெனிக்கும் போடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை. ஒரு நோட்டில் அதையே திரும்பத் திரும்ப எழுதி, எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருக்கிறாள். உலை கொதிக்கும்போது அடுப்படியில் நின்றுகூடத் தேடுவாள். அதில் தப்பே கிடையாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாவமாக இருக்கும். அதனால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடுவேன். சில நாள், "இந்த எடமா இருக்குமோ" என்று ஒரு வரியைக் காட்டுவேன். சரியாக இருக்கிற அந்த வரியை அடித்துவிட்டு வேறுமாதிரி எழுதுவாள். இப்போது அவள் எழுதுவதில் நிஜமாகவே தப்பு வர ஆரம்பித்துவிட்டது.

போன தைப்பூசத்துக்குப் பழனி போயிருந்தோம். வேலைக்கு ஏதும் பார்க்கவில்லையா என்று அவள் அக்கா கந்தம்மாள் கேட்டாள். "அந்த அளவுக்கு எனக்கு மூளை பத்தலக்கா" என்று ஜெயப்பிரியா சாதாரணமாகச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அன்று நீங்கள் அனுப்பிய வேலைக்கடிதத்தின் மூன்றாவது பாராவை நீங்கள் மறந்திருக்கலாம். பெங்களூருக்கு வரத் தேவையில்லை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அதில் இருந்தது. நான் இரண்டாவது தடவை படித்தது அந்தப் பாராவைத்தான். அதைப் படித்த பிறகுதான் பதில் எழுதினேன். அவள் எங்கேயாவது தூரத்தில் போய் ஜெயித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேனோ என்னவோ. என் வீட்டில், நான் சொல்லிக்கொடுத்ததை வைத்து, என் கண்ணெதிரே தினமும் ஜெயிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடந்தது இதுதான். செய்தது நான்தான்.

அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூண்டு எடுப்பு முடியட்டும். அதுவரை நீங்கள் அவளுக்கு எழுதவோ கூப்பிடவோ வேண்டாம். உங்கள் மெயிலையும் இதையும் இப்போதே அழித்துவிடுகிறேன். திடீரென்று தெரிந்தால் அவள் மனசு தாங்காது. அதை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.