மதாம் இஸ்மெரியும் நாங்கள் அணைத்த ஜெனரேட்டர்களும்

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, குரோ மோர்ன் வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, மாம்பழ ஆலையின் சகோதரிகளே! அழுகையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மதாம் இஸ்மெரி இருந்திருந்தால் மூக்கு உறிஞ்சுகிற அத்தனை பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்.

இந்த ஹெய்ட்டி மண்ணில் தொழில் தொடங்க யார் வருவார்? சாலை உண்டா? மின்சாரம் உண்டா? ஒரு நிலத்துக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் உண்டா? இவ்வளவும் தெரிந்தே மான்ட்ரியலிலிருந்து ஒரு முதலீட்டாளரை அழைத்து வந்தார் நம் சங்கத் தலைவி!

அன்று செயலாளனான நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். மின்சாரம் இல்லாதது விருந்தாளிக்குத் தெரியக் கூடாதென்று கடைத்தெரு ஜெனரேட்டர்களை எல்லாம் அணைக்கச் சொன்னேன். ஐஸ் கடையில் சத்தமில்லை, மாவு மில்லில் சத்தமில்லை. வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க யாரும் தொழிலே பண்றதில்லையா மதாம்?" என்றார்.

மதாம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் எதிரிக்கும் வரக் கூடாது. "ஏம்ப்பா ஃபெனெலோன், ஊர்ல எழவா விழுந்திருக்கு? போடுங்கடா எல்லாத்தையும்!"

போட்டார்கள். நாற்பது ஜெனரேட்டர்களின் இரைச்சலில் மதாம் விருந்தாளியின் காதருகே போய்க் கத்தினார்: "கரண்டு இல்லைங்க. ரோடு மழைக்கு நிக்காதுங்க. நாங்க நிப்போம். பிடிச்சா இருங்க, பிடிக்கலைன்னா மாம்பழம் தின்னுட்டுக் கிளம்புங்க!"

மனிதர் ஆறு பழம் தின்றார். இங்கேயே தங்கியும் விட்டார். இன்று எழுபது பெண்கள் மாம்பழம் உலர்த்திச் சம்பளம் வாங்குகிறார்கள்.

ஆலைக்கு இரண்டாவது உலர்த்தும் கூடம் எழுந்தால் இன்னும் எழுபது பேருக்கு வேலை. திங்கட்கிழமைக்குள் முதலீட்டாளருக்கு வழக்கில்லாத நிலம் காட்டாவிட்டால் அந்தக் கூடம் வேறு ஊருக்குப் போய்விடும். நிலம் தேடி அலைந்துகொண்டிருக்கும்போதே மதாம் போய்ச் சேர்ந்தார். நேற்று அவருடைய வெற்று நாற்காலியைப் பார்த்து நானும் தேம்பித் தேம்பி அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

அழுது முடித்து ஒரு காரியம் செய்தேன், நண்பர்களே! என் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வாழைத்தோட்டத்துக்கு ஒரே பத்திரம், ஒரே பெயர். இன்று காலை நோட்டரியிடம் போய் அதை ஆலைக்கு நீண்ட குத்தகையாக எழுதிக்கொடுத்துவிட்டேன். மதாம் இஸ்மெரி ஆசைப்பட்ட கூடம் எழும்பும்! இது சத்தியம்!

அந்த வாழைகளை நட்டவர் என் மனைவி குளோரின். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கும் இந்தச் செய்தி இப்போதுதான் தெரியும். அதோ, எழுந்துவிட்டார். பெரியோர்களே, சகோதரிகளே, கைதட்டுங்கள், தயவுசெய்து நிறுத்தாமல் தட்டுங்கள்!